சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோயில்

எங்கள் ஊர் மாதா கோயிலை முதலில் சுண்ணாம்புப் பொடியால்தான் கட்டினோம். சிரிக்காதீர்கள். சுவர், வாசல், பீடம் எல்லாவற்றையும் வைத்து, முழு அளவில், கரிசல் தரையில் வெள்ளைக் கோடாகக் கட்டினோம். ஊரே செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தக் கோயில் ஒரு மத்தியானம்தான் இருந்தது. காற்று அடித்தது, ஆடுகள் நடந்தன, கலைந்து போனது. இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கோயில்தான் வருகிறது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கொஞ்சம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கோபக்காரன் என்று இந்த ரூட் முழுக்க எனக்குப் பெயர். படியில் தொங்குகிறவனைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப் போன குரல் இது. பழைய கோயில் சுவர் விரிசல் விட்டு, மழைக்கு உள்ளே குடை பிடிக்கிற நிலை வந்தபோது, பங்குச் சாமியார் கட்டிடக் கமிட்டி ஒன்று போட்டார். அவர் இளவயசு, வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என்னையும் அதில் சேர்த்தார். “ஒரு பார்வையில எத்தனை தலைன்னு சொல்ற ஆள் வேணும்ங்க” என்றார். கூட்டத்தைப் பார்த்ததும் எண்ணிவிடுகிற புத்தி எனக்கு உத்தியோகத்தில் வந்தது, ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

கமிட்டியில் பெரிய ஆள் என் மச்சான். என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர், சொந்த டிராக்டர் வைத்திருக்கிறவர், வருஷா வருஷம் மாதா திருவிழாவை முன்னால் நின்று நடத்துகிறவர். ரொம்ப நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களோடு சண்டை போடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு காலும் போய்விட்டன. கைகள் இரும்பு. கலெக்டர் ஆபீசில் கொடுத்த, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிளில் சந்தைக்குப் போவாள், ரேஷன் கடைக்குப் போவாள், என்னைத் தேடி டீக்கடைக்கும் வந்து நிற்பாள். சைக்கிளை விட்டு இறங்கினால் ரப்பர் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து போவாள். சின்ன வயதில் அவளுடைய அண்ணன்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவார். எங்கள் கல்யாணத்தன்றும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்தார். அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: “இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. நீங்களுந்தான்.”

சரி என்றேன். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டு வருகிறேன். அதனால் நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸில் என் பெண்டாட்டி ஒரு நாள்கூட ஏறியதில்லை. ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவுக்கு ஊரையே ஏற்றிக்கொண்டு போவேன், அவள் மட்டும் வாசலில் சைக்கிளில் உட்கார்ந்து கையாட்டுவாள். பஸ் படி அவ்வளவு உயரம்.

பழைய கோயிலில் தாழ்வான படிதான். இருந்தாலும் அதில் நகர்ந்து ஏறுவதை யாரும் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால் முதல் மணி அடிக்கும் முன்பே போய்விடுவோம். கோயிலுக்குள் இருட்டு விலகியும் விலகாமலும் இருக்கும். வௌவால் நாற்றமும் மெழுகு வாசனையும் கலந்து வரும். அவள் சுவரோரமாக நகர்ந்து போய் அவளுடைய இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு சனங்கள் வருவார்கள். எங்கள் ஊரில் தரையில்தான் உட்காருவது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்றப் பெண்களும் ஒரே உயரம். பூசை முடிந்து கூட்டமெல்லாம் போன பிறகுதான் கிளம்புவோம். இத்தனை வருஷத்தில் அவள் கோயில் படியில் நகர்ந்து ஏறியதை ஊரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஊர்க்காரர்களுக்கு அவள் எப்போதும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவள்.

நான் கமிட்டியில் சேர்ந்த அன்று அவள் ஒரு நிபந்தனை போட்டாள். “எனக்காக அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்கன்னா நான் கோயிலுக்கே வரமாட்டேன்.” அவள் சொன்னால் செய்கிறவள். அந்த விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னோடு பஸ்ஸில் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திருச்சியிலிருந்து ஆர்க்கிடெக்ட் வந்தார். பெண். நாற்பது வயது இருக்கும், தலையில் தொப்பி, காலில் ஷூ. அதிகம் பேச மாட்டார். முதல் நாளே பழைய கோயிலுக்குப் பக்கத்து மேட்டில் ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டச் சொல்லி, அதில் ஏணி வைத்து இறங்கிவிட்டார். மேலே வந்தபோது கை நிறையக் கல்லாகிப் போன கிளிஞ்சல்கள்.

“இங்க ஒரு காலத்துல கடல் இருந்திருக்கு சார்” என்றார்.

எங்களுக்கு அது புதிதில்லை. எங்கள் பிள்ளைகள் அந்தக் கல் கிளிஞ்சலை வைத்துத்தான் விளையாடும். ஆனால் அந்தக் குழி ஓரத்தில் நின்று அந்த அம்மா அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனுக்கு ஒரு கனவு. எங்கள் கோயில் கடலுக்கடியில் இருக்கிறது. நான் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கிழித்த டிக்கெட் எல்லாம் மேலே மேலே மிதந்து போகின்றன. என் வீட்டுக்காரி சேலைத் தலைப்பு அலைய, தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டு, ஜன்னல் வழியாக உள்ளே நீந்திப் போகிறாள். கால் எதற்கு, படி எதற்கு. விழித்த பிறகும் வெகுநேரம் அந்தத் தண்ணீர் எனக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

கனவு கனவாக இருக்க, மண் மண்ணாக இருந்தது. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், பழைய சுவர் வெடித்ததே அதனால்தான் என்றார் ஆர்க்கிடெக்ட். ஆழமாகத் துளை போட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் இறக்க வேண்டும். எஸ்டிமேட்டைக் கேட்டதும் மச்சான் முகம் சுருங்கியது.

“கண்ணுக்குத் தெரியாத எடத்துல இம்புட்டுக் காசைப் புதைக்கணுமா மேடம்?”

“அது தெரியாம இருந்தாத்தான் சார் கோயில் தெரியும்” என்றார் அவர்.

கம்பி விலை ஏறியிருந்தது, மணல் விலை ஏறியிருந்தது. எங்களைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றனவே, மூட்டைக்கு நாலு காசு குறைப்பார்களா என்றால் அதுவும் கிடையாது. தூசி மட்டும் எங்களுக்கு இலவசம். தினமும் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

கூட்டம் நடந்தது பங்குப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில். குட்டிப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். ஆர்க்கிடெக்ட் கரும்பலகையை மூன்று பாகமாகப் பிரித்து, ‘வேண்டும்’, ‘வந்தால் நல்லது’, ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதினார். வரைபடத்தில் உள்ள ஒவ்வொன்றும் எந்தப் பாகத்துக்குப் போகும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று சாக்பீஸை எங்களிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கெட்டிக்காரி. சண்டையை எங்களிடமே கொடுத்துவிட்டார்.

டவுன் கோயில் மாதிரி பெஞ்சு போட வேண்டும் என்றார்கள் சிலர். பெஞ்சு போட்டால் பாதிச் சனம் வெளியே நிற்கும், தலையை எண்ணிச் சொல்கிறேன் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். பெஞ்சு போனது. மார்பிள் போனது, கிரானைட் வந்தது. பிறகு கிரானைட்டும் போய் டைல்ஸ் வந்தது. கோபுரத்துக்கு வந்தபோது மச்சான் எழுந்து நின்றுவிட்டார். தரை மட்டத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும், அதன் மேல் சுவர், அதன் மேல் கோபுரம். மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் பார்த்துச் சிலுவை போட வேண்டும். இதுதான் அவருடைய ஆசை.

“பஸ்ல போறவன் தூங்குவான் மச்சான். நான் பார்க்காத பஸ்ஸா” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க மாப்ள. நம்ம அப்பா காலத்துலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு ஒரு கோயிலுக்குள்ள போயிட்டிருக்கோம். நம்ம புள்ளைங்களாவது நிமிந்து பார்க்கட்டும்.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். தோள் உயரத்துத் தரை ‘வேண்டும்’ பாகத்துக்குப் போனது. அந்த உயரத்துக்கு முன்னால் அகலமாகப் படிக்கட்டு. அதற்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் தானாகவே ஒரு சரிவுப் பாதை வரைந்திருந்தார். நடக்க முடியாதவர்கள் ஏறி வருவதற்கு. அவ்வளவு உயரத்துக்குச் சாய்வாக ஏற வேண்டுமென்றால் பாதை நீண்டுகொண்டே போகிறது. முன் வாசலை முழுக்கத் தின்றுவிட்டு, கொடிமரத்தையும் தாண்டிப் போனது.

மச்சான் சாக்பீஸை எடுத்தார். “இது எதுக்கு இவ்வளவு செலவு? பாப்பா ஒருத்திதானே. நான் இருக்கேன்ல, தூக்கிட்டுப் போயிடுறேன்.” ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பாகத்தில் அதை எழுதினார். பேரப்பிள்ளை எடுத்துவிட்ட தங்கச்சி அவருக்கு இன்னும் பாப்பாதான். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. அவர் அதை அவ்வளவு பாசமாகச் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. வாயைத் திறந்தால் வார்த்தை தவறும் என்று வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “அப்படியா” என்றாள். கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, “அப்ப நான் வூட்லயே ஜெபம் சொல்லிக்கிறேன்” என்றாள். எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. தோள் உயரத்துப் படிக்கட்டில் அவளால் கையூன்றி ஏற முடியாது. ஏறினாலும் ஊருக்குத் தெரியாமல் ஏற முடியாது. அண்ணன் தூக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே இருக்க வேண்டும். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் ஆர்க்கிடெக்ட் சுண்ணாம்புப் பொடி கொண்டு வந்தார். வரைபடம் யாருக்கும் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேட்டில் டேப் பிடித்துக் கயிறு கட்டி, கயிற்றின் மேலேயே பொடியைத் தூவிக்கொண்டு போனார். கோடைக்கு வெடித்துக் கிடந்த கறுப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு கோயில் எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், படுத்திருந்தாலும். வாசலுக்கு இடைவெளி விட்டிருந்தார். சனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் கோட்டைத் தாண்டவில்லை. சாமியார் முதலில் வாசல் இடைவெளிக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே காலெடுத்து வைத்தார். அவ்வளவுதான், மற்றவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். வெயிலில் மண் சுட்டது, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஆள் குறுக்கே சுவரைத் தாண்டி வர, பெண்கள் அவனை அதட்டி வாசல் வழியாகச் சுற்றி வரச் சொன்னார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நான் தலை எண்ணத் தொடங்கினேன்.

அப்போது சக்கரச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி.

வழக்கமாகப் பூசை முடிந்து கூட்டம் கலையும் வரை பழைய கோயிலுக்குள்ளேயே இருப்பவள், கூட்டம் முழுக்க இங்கே வந்துவிட்டதால் வெளியே வந்து சைக்கிளில் ஏறியிருக்கிறாள். மேட்டு வழியாக வந்தாள். வாசல் இடைவெளியில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கைப்பிடியைச் சுற்றினாள். சைக்கிள் உள்ளே வந்தது. உட்கார்ந்திருந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில், அத்தனை பேரும் பார்க்க, பட்டப்பகலில், நேராகப் பீடம் வரைக்கும் வந்தாள். சுண்ணாம்புத் தூள் சக்கரத்தில் ஒட்டிச் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. காற்றில் பொடி எழும்பிப் புகையாக நின்றது. எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. கூட்டத்தை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டது என் வாழ்நாளில் அன்று ஒருமுறைதான். இதே இடத்தில் சுவர் எழுந்து, கூரை மூடி, இதே மாதிரி அவள் வந்தால் போதும், மேலே என்ன கட்டினாலும் கட்டாவிட்டாலும் சரி என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் ஆர்க்கிடெக்டைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “இந்தத் தரை எவ்வளவு ஒசரத்துல வரும்மா?”

ஆர்க்கிடெக்ட் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உயரம் கிடையாது என்பது அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பீடத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, ஒன்றும் தெரியாதவள் போல அண்ணனிடம் கேட்டாள். “ஏண்ணே, அவ்வளவு ஒசரத்துல இருந்தா தேர் எப்படி உள்ள வரும்?”

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறு ஊர்களில் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே நிற்கிற தேரில் வைப்பார்கள். எங்கள் ஊரில் தேர்தான் மாதாவைக் கூப்பிட உள்ளே போக வேண்டும். திருவிழாவன்று சாயங்காலம் வெறும் தேரைக் கோயிலுக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். படி மேல் பலகை போட்டு ஏற்றுவார்கள். பீடத்துக்கு முன்னால் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, மாதாவை ஏற்றி, பூ வைத்து, அங்கிருந்துதான் தேர் ஊருக்குள் புறப்படும். அந்தத் தேரை வருஷா வருஷம் முன்னால் நின்று தள்ளுகிறவர் என் மச்சான். கூடத் தள்ளுகிறவர்கள் முக்கால்வாசி கமிட்டிக்காரர்கள். இத்தனை கூட்டம் போட்டு, டைல்ஸுக்கு இரண்டு நாள் சண்டை போட்டவர்களில் ஒருத்தருக்கும் தேர் ஞாபகம் வரவில்லை. ஆர்க்கிடெக்டுக்குத் தெரிய வாய்ப்பில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே.

கூட்டமே கொந்தளித்துவிட்டது. கிழவிகள் கமிட்டியைப் பிடித்துத் திட்டினார்கள். மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது. “சரிவு போட்டுருவோம் மேடம், சரிவு போட்டுருவோம்” என்று அவரே இரண்டு தரம் சொன்னார். துபாயில் இருக்கிற தன் மகன் சரிவுக்குத் தனியாகப் பணம் அனுப்புவான் என்று ஒருவர் அங்கேயே நின்று போன் போட்டார். நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடி கள்ளி என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீடு வரைக்கும் நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்த மிதப்பு இறங்கியது. தேர் விஷயம் கேட்டவள் என்று சாமியார் அவளையும் வரச் சொல்லியிருந்தார். வழக்கம்போல மற்றவர்களுக்கு முன்பே போய், அவள் வகுப்பறைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை விரித்தார்.

“தேருக்குச் சாய்வு கூடுதலா இருந்தாலும் பரவாயில்லைங்க” என்றார் மச்சான். “குட்டையாப் போடுங்க, செலவு மிச்சம். நாங்க இருபது பேர் பின்னாடி நின்னு ஒரே தம்முல ஏத்திருவோம்.”

ஆர்க்கிடெக்ட் ஸ்கேலை வைத்துக் கோட்டைக் காட்டினார். “இவ்வளவு செங்குத்தா இருந்தா தேர் ஏறும் சார். தனியா ஒருத்தர் சக்கரத்துல வந்தா ஏற முடியாது.”

“தனியா எதுக்கு மேடம் வரணும்? பாப்பாவைத்தானே சொல்றீங்க?” மச்சான் சிரித்தார். “தேரையே ஏத்துறவங்க நாங்க. பாப்பா என்ன பெரிய கனமா?”

எல்லாரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. அவள் மேல் பிரியமாகத்தான் சிரித்தார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நிபந்தனையாவது ஒன்றாவது, இன்று கேட்டே விடுவது என்று வாயைத் திறந்தேன்.

“நீங்க உக்காருங்க” என்றாள் அவள். உட்கார்ந்தேன்.

“அண்ணே, தேருக்குன்னு கேட்டேன்ல, அது சும்மா. தேரை நீங்க எப்படியும் ஏத்திருவீங்க. மாதாவுக்கு ஆள் இருக்கு. நான் எனக்குத்தான் கேட்டேன்.”

சிரிப்பு நின்றது. சாமியார் முன்னால் சாய்ந்தார். “ஏம்மா, நேராவே கேட்டிருக்கலாமே. நம்ம வூட்டுக் காரியம் மாதிரி செஞ்சிருக்க மாட்டோமா?”

“கேட்டா தூக்கிட்டுப் போறேன்னு சொல்வீங்க சாமி. அதான் கேக்கல.”

 மச்சானைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். “உன்மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. நீ தூக்கலைன்னா நான் படிச்சிருக்கவே மாட்டேன், வூட்டு மூலையில கெடந்திருப்பேன். ஆனா போதும். எனக்குப் பேரப்புள்ளை வந்தாச்சு. என்னை இறக்கி விட்டுருண்ணே.”

 மச்சான் வரைபடத்தைப் பார்த்தபடியே இருந்தார். அதில் அவர் எதையும் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஆர்க்கிடெக்டிடம் கேட்டார்.

“அவ தனியா வர்ற மாதிரி செய்யணும்னா என்ன பண்ணணும்?”

“தரையை முழங்கால் உயரத்துக்கு வெச்சா போதும் சார். மேட்டு நிலம், தண்ணி நிக்காது. சரிவு கொடிமரத்துக்கு இந்தப் பக்கமே முடிஞ்சிரும். கிராவல் மண் நிரப்புற செலவும் குறையும்.”

“கோபுரம் ரோட்டுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். அதை உயர்த்தினா அஸ்திவாரச் செலவு ஏறிரும்.”

மச்சான் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். “சரி. முழங்கால் ஒசரமே வெச்சிருங்க” என்றார். ஆர்க்கிடெக்ட் ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினார். 

கூட்டம் முடிந்தது. வழக்கமாக எல்லாரும் போன பிறகுதான் அவள் நகருவாள். அன்று யாரும் எழுவதற்கு முன்பே ரப்பர் செருப்பைக் கையில் மாட்டினாள். அத்தனை பேர் முன்னாலும் தரையில் கையூன்றி, நகர்ந்து நகர்ந்து, வகுப்பறையைக் கடந்து வராண்டாவுக்குப் போனாள். பெஞ்சுக் கால்களுக்கு நடுவில் அவள் போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மச்சான் எனக்கு முன்னால் வெளியே ஓடினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, சின்ன வயதிலிருந்து செய்கிற பழக்கத்தில், குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் நகர்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு இரண்டையும் இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சக்கரம் உருளாமல் இருக்கக் காலால் மட்டும் அண்டைகொடுத்து நின்றார். அவள் சட்டத்தைப் பிடித்து, ஒரு மூச்சுப் பிடித்து ஏறி, சீட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொள்ளும் வரை கையை அவிழ்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்.